கால் படாத மூலை

மஹதியின் செர்ரி மரம் உடுப்புக் காயப்போடும் கம்பியைத் தாண்டி வளர்ந்த அன்று நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. எரிந்தது வேறு.

மஹதி என் கணவரின் தம்பி தனோஜனுடைய மனைவி. ஆக்லாந்தில், பாபடோயிட்டோயில், எங்களுக்கு ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் அவர்கள், பின்வீட்டில் நாங்கள். நடுவில் இருக்கிற புல்தரை பொது. அங்கேதான் இரண்டு செர்ரி மரங்களும் நிற்கின்றன. ஒன்று அவள் மகன் அகிலுடையது, மற்றது என் மகள் பிரணவியுடையது.

இரண்டு கன்றுகளும் ஒரே நாற்றுப்பண்ணையில் ஒரே வரிசையில் ஒட்டுக்கட்டப்பட்டவை. நான் வேலை செய்கிற பண்ணை அது. ஆக்லாந்தின் குளிர் செர்ரிக்குப் போதாது. அதனால் குறைந்த குளிரிலும் பூக்கிற வகையாகத் தேடி எடுத்தேன். தெரிவு செய்ததும் நான்தான், காரில் ஏற்றிக் கொண்டுவந்ததும் நான்தான். இரண்டில் தண்டு தடித்ததை எனக்கு வைத்துக்கொண்டு மெலிந்ததை மஹதிக்குக் கொடுத்தேன். இதில் என்ன பிழை? கொண்டுவந்தவளுக்கு அந்தளவு உரிமைகூட இல்லையா? இடத்தையும் நானே முதலில் பிடித்தேன். கராஜ் சுவரோரம் ஒரு மூலை இருந்தது. காற்றடிக்காது, கூரை கொஞ்சம் நீட்டி நிற்பதால் அடைமழையில் வேர் அழுகாது, யாரும் மிதித்துக்கொண்டு திரியவும் மாட்டார்கள். மஹதி எங்கேயோ புல்தரையின் நடுவில், நாலு பக்கமும் காற்று வீசுகிற இடத்தில் குழி தோண்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். பிள்ளை பிறந்த கையோடு, இளங்கொடியை, அதுதான் நஞ்சுக்கொடியை, வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்களா என்று மருத்துவச்சி கேட்டாள். இந்த ஊர் மாவோரி மக்கள் அதை மண்ணுக்குக் கொடுத்து மேலே மரம் நடுவார்கள். எங்களுக்கும் அது பிடித்துவிட்டது. நடுகிற காலம் வரும்வரை இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள் ஃபிரீசரில், இறாலுக்கும் பாரை மீனுக்கும் பக்கத்தில் இருந்தன. இங்கே குளிர்காலமான ஜூலையில் குழிக்குள் வைத்து மண் மூடி, மேலே கன்றுகளை நட்டோம். அதனால் இந்த மரம் பட்டுப்போனால் இன்னொன்று வாங்கி வைத்துவிடலாம் என்கிற கதை இல்லை. பிரணவிக்கு உள்ள மரம் இது ஒன்றுதான்.

செர்ரிக் கன்றுக்கு உரம் போடுவதில் எனக்குப் பாடம் எடுக்க யாரும் வரத் தேவையில்லை. ஊரில் விவசாய பீடத்தில் படித்தவள், இங்கே பண்ணையில் உரம் கலக்கிற பொறுப்பே என்னுடையது. சின்னக் கன்றுக்குத் தழைச்சத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்குச் சோறு தீத்துகிற மாதிரி. இலை விரிந்த பிறகு தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கோடை பாதி போவதற்குள் நிறுத்திவிட வேண்டும். குறைந்தால் இலை வெளிறி, கன்று நின்ற இடத்திலேயே நிற்கும். கூடினால் குச்சி தளதளவென்று நீளும், ஆனால் உள்ளே பலம் இருக்காது. முதல் வருடம் நான் எல்லாவற்றையும் அளந்துதான் போட்டேன்.

மஹதி என்ன போட்டாள் தெரியுமா? மீன்தொட்டித் தண்ணீர். அகிலுக்கு ஒரு மீன்தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கழுவும்போதெல்லாம் அந்தப் பச்சைத் தண்ணீரை வாளியோடு கொண்டுபோய் மரத்தடியில் கவிழ்ப்பாள். மீன் கழிவில் தழைச்சத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் ஐடிக்காரி, நகர மையத்தில் ஏதோ ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். தெரியாமல் செய்தே எல்லாம் சரியாக வருகிற மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

மஹதிக்கு எல்லாமே அப்படித்தான். தோசை மா அவள் கரைத்தால் பொங்கும். கார் நிறுத்த அவளுக்கு இடம் கிடைக்கும். அவள் பிள்ளையும் வாய்த்த பிள்ளை. மீன்தொட்டிக்கு முன்னால் இருத்திவிட்டால் மணிக்கணக்கில் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பான். இன்னும் பேச்சு வரவில்லைதான். ஆம்பிளைப் பிள்ளைகள் சுணங்கித்தானே கதைப்பார்கள்? என்னுடையது விடிந்ததிலிருந்து வாய் மூடாது. கேள்வி, பாட்டு, முறைப்பாடு, தமிழும் இங்கிலிஷும் கலந்த ஒரே இரைச்சல். வேலையால் வந்து அவளோடு மல்லுக்கட்டிவிட்டு, முன்வீட்டு ஜன்னலில் அகில் அமைதியாக இருப்பதைப் பார்ப்பேன். கொடுத்துவைத்தவள் என்று நினைப்பேன். நல்ல மனதோடு நினைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் மஹதி வீட்டிலிருந்து வேலை செய்வாள். அன்று பிரணவியும் அவளோடுதான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஒருநாள் பிரணவியிடம் "பால் வேணுமோ?" என்று கேட்டதற்கு, "ஆமா" என்றாள். எங்கள் இலங்கைத் தமிழின் ஓம் இல்லை, தமிழ்நாட்டு ஆமா. சித்தியிடம் பழகியது. ஒரு சொல்லுக்காக ஒருத்தி இவ்வளவு கோபப்படுவாளா என்று கேட்டால், நான் பட்டேன். மரத்தில் முந்தினாள், பிள்ளையின் வாய்க்குள்ளும் வந்துவிட்டாள்.

இந்த வசந்தத்தில் அகிலுடைய மரம் கூரை உயரத்துக்கு எட்டிப்பார்த்தது. பிரணவியின் மரம் என் நெஞ்சளவில் நின்றது. அந்தச் சமயம் பார்த்து ஏரம்பமூர்த்தி அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு வந்தார். கோயில் வேலையெல்லாம் முன்னுக்கு நின்று செய்கிறவர், மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறவர். புல்தரையில் நின்று இரண்டு மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிசாந்தினி, நீர் கண்டுப் பண்ணையில வேலை செய்யிறனீர் எல்லோ? உம்மட மரம் ஏன் பிள்ளை இப்பிடிக் காய்ஞ்சு நிக்குது?" என்றார். அதோடு விட்டாரா? "மஹதியிட்ட ஒருக்காக் கேட்டு உரம் போடுமன்."

மஹதி சிரித்துக்கொண்டே, "ஐயோ அங்கிள், எனக்கு ஒண்ணும் தெரியாது. அக்காதான் எக்ஸ்பர்ட்" என்றாள். அவள் என்னைக் காப்பாற்றியது இன்னும் எரிந்தது.

அடுத்த நாளே கராஜில் இருந்த அமோனியம் சல்பேட் உரப் பையைத் திறந்தேன். வழமையாகப் போடுவது ஒரு சின்னக் கரண்டி. அன்று ஒரு கை நிறைய அள்ளிப் போட்டேன். பத்து நாள் பார்த்தேன், உயரவில்லை. இன்னொரு கை போட்டேன். பண்ணையில் யாராவது இளம் செர்ரிக்கு அப்படிப் போட்டிருந்தால் நான் கத்தின கத்தில் வேலையை விட்டே ஓடியிருப்பார்கள்.

நவம்பரில் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. சுட்ட அப்பளத்தின் ஓரம் மாதிரிப் பழுப்பு நிறம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உரம் கூடிவிட்டது. யாரும் பார்ப்பதற்கு முன் கருகிய இலைகளை எல்லாம் கிள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஹோஸைப் பிடித்து மண்ணைக் கழுவினேன். உரப்பையை இறுக்கிக் கட்டி மேல்தட்டில் தூக்கிப் போட்டேன். புது இலை வந்தது. நல்ல பச்சையாகத்தான் வந்தது. பிறகு அதுவும் ஓரத்தால் கருகியது.

இதுதான் எனக்கு விளங்கவில்லை. உரத்தை நிறுத்தி வாரக்கணக்கில் ஆகிவிட்டது. பண்ணையிலிருந்து மீற்றரைக் கொண்டுவந்தேன். மண்ணில் குத்தினால் அதில் எவ்வளவு உப்புச் சேர்ந்திருக்கிறது என்று காட்டும். உரங்களும் ஒருவகை உப்புத்தான். எந்த உப்பு என்று அந்த மீற்றர் சொல்லாது, எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். வாரத் தொடக்கத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வியாழக்கிழமை குத்திப் பார்த்தால் குறைந்திருக்கும். சனிக்கிழமை காலை குத்தினால் ஏறியிருக்கும். முதல் தடவை மீற்றர் பிழை என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அப்படியே. அகிலுடைய மரத்தடியில் குத்தினேன். அங்கே உப்பு ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலையில். வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பது யார்?

பிருந்தனிடம் சொன்னேன். அவர் என் கணவர், தம்பி என்றால் உருகுகிறவர்.

"உங்கட தம்பி பெண்சாதி என்ர பிள்ளையின்ர மரத்துக்கு ஏதோ ஊத்துறா."

அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உமக்குப் பொறாமை முத்திப்போச்சு, நிசா."

"மீற்றர் பொய் சொல்லுமே?"

"மீற்றர் பேர் சொல்லிச்சுதே, மஹதி எண்டு?"

"நான் கையும் களவுமாப் பிடிச்சுக் காட்டுறன். காட்டினால் பிறகு இந்த வளவுக்குள்ள இருக்கேலாது. ஏவன்டேல் பக்கம் வாடகைக்கு வீடு பாப்பம். சரியோ?"

அவர் இப்போது தலையைத் தூக்கினார். நான் விளையாடவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். "பிடிச்சுப்போட்டு வாரும். பிறகு கதைப்பம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. அண்ணன் தம்பி இருவரும் பிரிவதில்லை என்றுதான் இந்த வளவையே வாங்கினார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுகூட இருந்தேன். அவள் கெட்டவளாக இருந்துவிட்டால் இவ்வளவு நாள் நான் எரிந்ததற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

அந்த வெள்ளி மத்தியானத்தோடு லீவு எடுத்தேன். காரைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்து, கராஜுக்குள் பக்கக் கதவால் நுழைந்தேன். அதில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. பிரணவியின் மரம் அதற்கு நேர் வெளியேதான். பெயின்ற் டின் மேல் இருந்துகொண்டு பார்த்தேன். நல்ல வெயில். மரத்தில் மிச்சமிருந்த இலைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. வயிற்றெரிச்சல் கூடி எனக்கு அழுகையே வந்தது.

கனநேரம் போகவில்லை. மஹதி வாளியோடு வெளியே வந்தாள். பின்னால் பிரணவி குதித்துக்கொண்டு வந்தாள். அகில் வந்து படிக்கட்டில் இருந்து ஒரு பிளாஸ்டிக் மீனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மஹதி பிரணவியை மரத்துக்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்து நிறுத்தினாள். பிறகு மூடிய கையை என் பிள்ளையின் தலையைச் சுற்றி வலமும் இடமுமாகச் சுழற்றினாள். வாய் எதையோ முணுமுணுத்தது. பிரணவி நின்ற இடத்தில் நிற்காமல், "சித்தி, இது என்ன? வொய்? எனக்கும் தாங்கோ, நான் செய்யட்டா? அகிலுக்கும் செய்யுங்கோ!" என்று பொரிந்து தள்ளினாள். "தூன்னு துப்புடா செல்லம்" என்றாள் மஹதி. பிரணவி சந்தோஷமாக அவள் கை முழுக்கத் துப்பினாள். மஹதி கையை விரித்தாள். கல் உப்பு. அதை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்து, அப்படியே மரத்தின் அடியில் ஊற்றினாள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். "என்ன ஊத்துறீர், மஹதி?"

அவள் கையிலிருந்து வாளி விழுந்தது. "அக்கா! நீங்க எப்ப வந்தீங்க?"

"நான் கேட்டதுக்குச் சொல்லும்."

"உப்புத் தண்ணிக்கா. பாப்பாவுக்குச் சுத்திப் போட்டேன். திருஷ்டிக்கு." அவள் முகம் வெளுத்துவிட்டது. "கால் படாத இடத்துல ஊத்தணும்ல. இந்த வீட்ல யாரும் மிதிக்காத இடம் இந்த மூலைதான். அதுவும் பாப்பாவோட மரம், அவளுக்கு வர்றது மரத்தோட போகட்டும்னு..."

"எத்தினை நாளா ஊத்துறீர்?"

"போன வருஷத்துல இருந்து. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

"மிளகாய் எரிச்சிருந்தால் இந்த மரம் தப்பியிருக்குமே!"

"முதல்ல மிளகாய்தான் எரிச்சேன். ஸ்மோக் அலாரம் அடிச்சு, ரெண்டு குழந்தைங்களும் பயந்து அழுதுட்டாங்க." அவள் அப்போதுதான் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கருகிய இலைகளை முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள். "ஒரு கைப்பிடி தானே, அவ்வளவு தண்ணில கரைச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். என்னாலயாக்கா இப்படி ஆச்சு?"

எனக்கு வாய் நிற்கவில்லை. "அகிலுக்குச் சுத்தினால் எனக்கு விளங்கும். என்ர கண்ணுக்குப் பயந்து சுத்துறீர் எண்டு நினைப்பன். பிரணவிக்கு ஏன்? என்ர பிள்ளை மேல ஆரின்ர கண்?"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே கேட்டது. மஹதி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் படிக்கட்டில் இருந்த அகிலைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"என் கண்ணுதான்க்கா."

நான் கீழே கிடந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"இவனுக்கு மூணு வயசு ஆகப்போகுது. அம்மான்னு ஒரு தடவை சொன்னதில்ல. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கோம், ஸ்பெஷலிஸ்ட் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல, உங்க கொழுந்தன் சொல்ல வேண்டாம்னுட்டார். வெள்ளிக்கிழமையானா உங்க பொண்ணு வந்து காலைலேர்ந்து சித்தி, சித்தின்னு பேசிட்டே இருக்கா. எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கும். அவ்வளவு எரிச்சலாவும் இருக்கும். ஒரு நாள் இவன் அந்தத் தொட்டி முன்னாடி உட்கார்ந்திருக்கான், அவ பாட்டுப் பாடிட்டு இருக்கா. அவ வாய் நின்னு போனா என்னன்னு தோணிடுச்சுக்கா. குழந்தைக்கா, சின்னக் குழந்தை. தோணினதும் எனக்கு என்னைப் பார்த்தே பயமாயிடுச்சு. அன்னைக்கே சுத்திப் போட ஆரம்பிச்சேன்."

சொல்பவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மஹதி என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள்! தோசை மா பொங்குகிற, கார் நிறுத்த இடம் கிடைக்கிற மஹதி. என்னிடம் இருந்த ஒன்று அவளிடம் இல்லை, அதற்காக அவள் ஒரு வருடமாக வெந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷம் இனிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

பிறகு நான் அகிலைப் பார்த்தேன். அவன் இன்னும் அந்த பிளாஸ்டிக் மீனையே திருப்பிக்கொண்டிருந்தான். நாங்கள் இவ்வளவு சத்தம் போட்டும், வாளி கொங்கிரீட்டில் விழுந்து உருண்டும், அவன் ஒருமுறைகூட நிமிரவில்லை. "அகில்" என்று கூப்பிட்டேன். கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். பிரணவிதான் ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டு, "பெரியம்மா கூப்பிடுறா" என்றாள். அப்போதும் அவன் மீனைத்தான் பார்த்தான். இந்தப் பிள்ளையைத்தான் நான் ஜன்னலில் பார்த்துப் பார்த்துப் பொருமினேன்.

"மரம் செத்துடுமாக்கா?" மஹதி அழுதுகொண்டிருந்தாள். "அதுக்குக் கீழதானே பாப்பாவோட..."

"ஹோஸை இழுத்துக்கொண்டு வாரும்" என்றேன். "உப்பைக் கழுவிப் பாப்பம்."

அவள் ஓடினாள். நான் முழங்காலில் இருந்து கையாலேயே மண்ணைக் கிளறிவிட்டேன். மேல்வேர்கள் பழுப்பாக இருந்தன. நான் அள்ளிப்போட்ட உரம் எவ்வளவு எரித்தது, அவள் ஊற்றிய உப்பு எவ்வளவு எரித்தது என்று எந்த மீற்றராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உரம் போட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. தன் உப்பால்தான் என்று அவள் அழுதுகொண்டே தண்ணீரைப் பிடித்தாள். நானும் அழவிட்டேன். பிருந்தனிடம் போய்ச் சொல்ல என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை, ஏவன்டேலுக்கு வீடு பார்க்கக் காரணமும் இல்லை.

தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இறங்க எனக்கு ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. நானும்தான் அவள் பிள்ளையைப் பார்த்து எரிந்திருக்கிறேன். காற்றடிக்கிற நாளெல்லாம் அகிலுடைய மரம் முறியட்டும் என்று நினைத்திருக்கிறேன். மஹதி ஒரேயொரு தரம் நினைத்தாள், நினைத்ததற்கே பயந்து, என் பிள்ளையைத் தன்னிடமிருந்து காப்பாற்ற உப்பெடுத்தாள். அகிலை என்னிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இதிலும் அவள்தான் முந்தியிருக்கிறாள். அதை நினைக்க எனக்கு இன்னும் எரிகிறது.